புது எண்ணெய்

எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய் மாறிய வருடத்துக்கு அடுத்த வருடம் அத்தானின் கை வலுவிழக்கத் தொடங்கியது. இப்படி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்தது என்பதற்காக ஒன்றினால் ஒன்று வந்தது என்று ஆகிவிடாது. ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆனால் அக்கா அப்படித்தான் சொன்னாள். எண்ணெயை மாற்றியது நான்.

எங்கள் இடத்தில் செய்வது பிளாஸ்டிக் மணிகள். பி.வி.சி. தூளை அப்படியே உருக்கி வார்த்தால் கட்டை போல விறைத்து நிற்கும், வளைத்தால் பட்டென்று உடையும். எண்ணெய் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்தால்தான் மெத்தென்று வளைந்து கொடுக்கும். எண்ணெய் என்று நாங்கள் சொல்வது பீப்பாயில் வரும் ஒரு ரசாயனத் திரவத்தை. அதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. அவை என் ஆய்வகத்தின் கதவோடு நின்றுவிடும். கலவைக் கூடத்தில் எல்லோருக்கும் அது எண்ணெய்தான். எங்கள் மணிகளை வாங்கிப்போய் ஒருவர் பொம்மை செய்வார், ஒருவர் உணவு சுற்றும் தாள் செய்வார், ஒருவர் மருத்துவமனைக்கான குழாய் செய்வார்.

அத்தான் கலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். கலவை இயந்திரத்தின் மூடியைத் திறந்ததும் வரும் ஆவியை முகர்ந்தே சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். நான் ரசாயனம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னவரும் அவர்தான். வேலைக்குப் போன முதல் நாளே என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தால் "சின்னவளே". இரண்டையும் அவர் ஒருநாளும் இடம் மாற்றிப் போட்டதில்லை.

பழைய எண்ணெய் தாலேட் வகை. அது உடம்பின் சுரப்பிகளோடு விளையாடுகிறது என்ற சந்தேகம் பல வருடங்களாக உண்டு. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களில் அது கூடாது என்று பல இடங்களில் தடையும் வந்துவிட்டது. மாற்றாக நான் தேர்ந்தெடுத்தது சிட்ரேட். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அதே சிட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துச் செய்யும் எஸ்டர் வகைத் திரவம். நிறமில்லை, மணமும் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீரில் கரையாது. எலிகளுக்கு வயிறு முட்டக் கொடுத்தும் சாகவில்லை என்று ஆய்வுகள் காட்டின. மாத்திரைகளின் மேல்பூச்சில்கூடச் சேர்க்கிறார்கள். மேலாளரின் மேசைக்கு மூன்று மாதம் நடையாய் நடந்து அதைக் கொண்டுவந்தேன். அந்த நாள்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

புதுப் பீப்பாய் வந்த அன்று கலவைக் கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினேன். எலுமிச்சை என்ற சொல்லை எடுத்ததும் அத்தான் கையைத் தூக்கினார்.

"அப்போ கொஞ்சம் சர்க்கரை போட்டா ஜூஸ் ஆயிடுமா, மேடம்?"

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அதற்கு எலுமிச்சை என்றே பெயர் விழுந்துவிட்டது. "எலுமிச்சை ரெண்டு பீப்பாய் உருட்டிட்டு வா" என்பார்கள். மூடியைத் திறக்கும்போது இனிமேல் கண் எரியாது, சட்டை நாறாது என்று அத்தானுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அந்த வார விடுமுறையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் மூக்கில் வைத்துப் பார்த்து, வாடையே இல்லையே என்றாள். பழையதில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்டாள். நான் உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். சுரப்பிகள், ஆண் எலிகள், குட்டி போடுவது குறைவது. பாதியில்தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அவர்களுக்குத் திருமணமாகிப் பத்தொன்பது வருடம். குழந்தை இல்லை. எத்தனையோ பரிசோதனைக்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

அக்கா சட்டையை வாளியில் போட்டுவிட்டு, "அதனாலயா?" என்றாள்.

"சொல்ல முடியாதுக்கா. எலிக்குக் கொடுத்தது வேற அளவு. மனுஷங்களுக்கு அப்படித்தான்னு உறுதியா சொல்ல முடியாது."

"இல்லைன்னும் சொல்ல முடியாது?"

"முடியாது."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த வருடம் அத்தான் பொருள்களைத் தவறவிட ஆரம்பித்தார். தூள் அள்ளும் கரண்டி, பீப்பாய் மூடியைத் திருகும் சாவி, தேநீர்க் கோப்பை. எண்ணெய்க் கை வழுக்குகிறது என்று சிரித்தார். பிறகு படியேறும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்று பின்னால் நின்றது. ஒருநாள் என் ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவந்தவர் கதவருகே நின்று "மேடம்" என்று கூப்பிட்டார். அது "மேலம்" என்று வந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்போதும் அப்படியே வந்தது.

பரிசோதனைகள் ஆறு மாதம் இழுத்தன. ஊசியைத் தசையில் குத்தி மின்சாரம் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். கடைசியில் நரம்பு மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும் நோய். அறிவு அப்படியே இருக்கும். கை, கால், நாக்கு, விழுங்குவது, மூச்சு என்று வரிசையாகப் போகும். நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தாமதப்படுத்தலாம்.

ஏன் வந்தது என்று அக்கா கேட்டாள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை என்றார் மருத்துவர். சாப்பாட்டிலா என்றாள், பரம்பரையிலா என்றாள், வேலையிலா என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார். அவர் நல்ல மனிதர். வெளியே காத்திருந்தவர்களின் நேரத்தையும் எங்களுக்காக எடுத்துக்கொண்டார். அத்தான் தன் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தோலுக்கு அடியில் தசை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அத்தானுக்கு ஜன்னல் இடம் கிடைத்தது. அக்காவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாதி வழியில் அக்கா என் காதருகே வந்து சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம் அதே இடத்துல நின்னாரு, ஒண்ணும் ஆகல. நீ எண்ணெயை மாத்துன, இப்படி ஆயிடுச்சு."

அதில் கோபம்கூட இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் நான் அந்த எண்ணெயின் பாதுகாப்புத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பதினொரு பக்கம். சமையலறை மேசையில் விரித்துவைத்து வரி வரியாக விளக்கினேன். தோலை அரிக்காது. கண்ணில் பட்டால் கழுவினால் போதும். மூச்சில் நாள்பட்ட தீங்கு இல்லை. மரபணுவைத் தொடாது. நரம்புக்குத் தீங்கு என்று எங்கும் பதிவில்லை. அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனால் எங்கள் வீட்டில் கூர்மையான மூளை அவளுக்குத்தான் என்று அப்பா எப்போதும் சொல்வார்.

எலிக்கு எத்தனை நாள் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டாள். இரண்டு வருடம் வரைக்கும், உணவில் கலந்து என்றேன். உணவில் கலந்தார்கள் சரி, இவர் மாதிரி சூடான ஆவியை எந்த எலியாவது தினமும் எட்டு மணி நேரம் மோந்ததா என்றாள். அந்த அளவுக்கு இல்லை என்றேன்.

"எலிக்கு நாக்கு குழறுனா யாருக்குத் தெரியும்?" என்றாள்.

நான் தாளை மடித்துவைத்தேன். பாதுகாப்பானது என்று நாங்கள் எழுதுவதற்கு, தேடிப் பார்த்த தீங்குகள் தேடிப் பார்த்த அளவில் அகப்படவில்லை என்றுதான் பொருள். அதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் சந்தேகம் நுழையத் தேவையான அளவு இடைவெளி அதில் இருந்தது.

உள் அறையிலிருந்து அத்தான் குழறிக் குழறிக் குரல் கொடுத்தார். அந்த எண்ணெயைத் திட்டாதீர்கள், அது நல்ல எண்ணெய் என்றார். அக்கா எழுந்துபோய் அவருக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் யாருக்காகச் செய்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எண்ணெய் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து வந்திறங்கிய ஒவ்வொரு சரக்கிலும் எடுத்துவைத்திருந்த மாதிரிக் குப்பிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதில் ஏதாவது கலப்படம் இருக்கிறதா, உலோகம் இருக்கிறதா, வேறு கரைப்பான் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கலவை இயந்திரத்தின் மூடிக்கு மேலே காற்றை உறிஞ்சும் கருவியைக் கட்டி ஒரு வாரம் அளந்தேன். அந்தக் கூடத்தில் வேலை செய்த மற்ற பதினொரு பேரையும் கையைப் பிடித்துப் பார், ஒற்றைக் காலில் நில், நாக்கை நீட்டு என்று பரிசோதிக்க ஏற்பாடு செய்தேன். பதினொரு பேரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். எல்லோரும் கல் மாதிரி இருந்தார்கள்.

முடிவுகள் வந்த உறையை வாசலிலேயே நின்று கிழித்தேன். ஏதாவது கிடைத்துவிடக் கூடாதே என்றல்ல. ஏதாவது கிடைக்காதா என்றுதான். ஈயம், பாதரசம், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பெயர் கிடைத்தால் அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைக்கலாம், என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாலும் ஏறி நிற்கலாம். ஒன்றும் இல்லை. இதுவரை நாங்கள் வாங்கியதிலேயே சுத்தமான சரக்கு அதுதான். மேலாளர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல வேளை" என்றார். ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அவர் மேசையில் இருந்த காகித எடைக்கல்லை எடுத்து எறியலாம் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு கடிதம் கேட்டாள். தொழிலாளர் நல அலுவலகத்துக்கு அவளே ஒரு புகார் எழுதிவைத்திருந்தாள். இந்த எண்ணெயால் வந்திருக்கலாம் என்று ஆய்வகப் பொறுப்பாளராக நான் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வந்திருக்கலாம் என்று மட்டும் எழுதினால் போதும், வந்தது என்று எழுத வேண்டாம் என்றாள். அந்த அளவுக்கு யோசித்துவைத்திருந்தாள்.

"எழுத முடியாதுக்கா. நான் தேடிட்டேன். இல்ல."

"உன்னை நிரூபிக்கவா சொன்னேன்? யாரு மேலயாவது கோபப்படணும் எனக்கு. காத்து மேலயா கோபப்படறது?"

"என் மேல கோபப்படு."

"உன் மேலதான் பட்டுட்டு இருக்கேன்," என்றாள் அக்கா. "அது போதல."

அன்றிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நான் தினமும் போனேன். அத்தானைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க நான்கு கைகள் வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேர் ஒரு மனிதரைத் தூக்கி உட்காரவைக்க முடியும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டால் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். அவர் குரல் முழுதாகப் போவதற்கு முன் கடைசியாகச் சொன்ன நகைச்சுவை அதைப் பற்றித்தான். கிரேன் வண்டி ரெண்டும் ஊமை என்றார்.

பேச்சு போன பிறகு அக்கா ஓர் அட்டையில் எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதினாள். உயிரெழுத்து ஒரு வரிசை, மெய்யெழுத்து மூன்று வரிசை. இடது ஆள்காட்டி விரலில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. அதை நகர்த்தி அவர் எழுத்துகளைத் தொடுவார். நாங்கள் கூட்டிப் படித்துக்கொள்வோம். முதல் நாளே, தமிழில் எதற்கு மூன்று ந, ன, ண என்று கேட்டு முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது. அக்கா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் மாறிய நான்காவது வருடத்தில் தண்ணீர்கூட அவருக்குப் புரையேற ஆரம்பித்தது. ஒரு காலை சூப்பு மூச்சுக்குழாயில் இறங்கி, முகம் நீலமாகி, மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம். ஆனால் மூச்சு இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது அது ஆபத்து, மூக்கு வழியாக வைக்கிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் செவிலியர் குழாயின் உறையைப் பிரிக்கப் போனபோது அக்கா தடுத்தாள்.

"இது எதுல செஞ்சது?"

செவிலியருக்குக் கேள்வி புரியவில்லை. அக்கா உறையை வாங்கி என்னிடம் நீட்டினாள். அந்தக் கடிதப் பேச்சுக்குப் பிறகு அவள் நேராக என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை. உறையில் தாலேட் இல்லை என்ற குறி இருந்தது. வேறு விவரம் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வராந்தாவுக்கு வந்து, குழாய் செய்யும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் நல்ல பிள்ளை; நானும் இதே தொழில்தான் என்றதும் மறைக்காமல் சொன்னாள். மருத்துவக் குழாய்களுக்கு நாங்கள் சிட்ரேட் எண்ணெய்தான் போடுகிறோம், மேடம், பாதுகாப்பானது என்றாள். அதே எண்ணெய்.

வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். உள்ளே அத்தான் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தார். உண்மையைச் சொன்னால் அக்கா குழாயை வைக்க விடமாட்டாள். விடாவிட்டால் அடுத்த வாய் சூப்பே அவரைக் கொன்றுவிடும். திரும்பிப் போய், "பழைய எண்ணெய் இல்லக்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா உறையைச் செவிலியரிடம் கொடுத்தாள்.

குழாய் வைத்த எட்டாம் நாள், வீட்டில், அதை மாற்றச் செவிலியர் வந்தார். பழையதை உருவித் தட்டில் போட்டார், புதியதை இறக்கினார், காற்றை ஊதிக் காதுவைத்துச் சரிபார்த்தார், மூக்கின் ஓரத்தில் ஒட்டினார். அவர் கை கழுவப் போனபோது அக்கா பழைய குழாயைக் குப்பையில் போட எடுத்தவள் நின்றாள். விரலில் சுற்றிப் பார்த்தாள். அது சுற்றிக்கொள்ளவில்லை, கம்பி போல நிமிர்ந்துகொண்டது. புதிய குழாயின் வெளியே தொங்கும் முனையை எடுத்து விரலில் சுற்றினாள். அது மெத்தென்று சுற்றிக்கொண்டது.

ஒரு வாரத்தில் விறைத்துவிடும், அதற்காகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டுச் செவிலியர் கிளம்பினார். கதவு சாத்தும்வரை அக்கா காத்திருந்தாள்.

"இதை மெத்துனு வச்சிருந்தது உங்க எண்ணெய்தானே?"

"ஆமாக்கா."

"இப்போ அது எங்க போச்சு?"

அது தண்ணீரில் கரையாது, ஆனால் கொழுப்பைக் கண்டால் விடாது. அவருக்குக் கொடுக்கும் சத்துப் பாலில் கொழுப்பு உண்டு. ஒவ்வொரு வேளையும் அந்தப் பால் குழாயின் உள்சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும். ஆய்வகத்தில் இதைச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் முறையே அதுதான்.

"பால்ல இருக்கிற கொழுப்பு இழுத்திருக்கும்," என்றேன்.

"இழுத்து?"

"அவர் வயித்துக்குள்ள போயிருக்கும்."

"எந்த எண்ணெய்?"

"எலுமிச்சை."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மிகக் கொஞ்சம்தான், உடம்பு அதை உடைத்து ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடும், தங்காது என்றெல்லாம் நான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் அந்தப் பதினொரு பக்கத் தாளின் குரலாக எனக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரியிலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்," என்றாள்.

மேசையில் பால் ஆறிக்கொண்டிருந்தது. பதினோரு மணி வேளை கடந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா எழுந்து அத்தானின் பக்கம் திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அவள் முதலிலிருந்து சொன்னாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலல்ல, சமமான ஒருவருக்குச் சொல்வது போல. இந்தக் குழாயிலும் அதே எண்ணெய் இருக்கிறதாம், அது பாலோடு சேர்ந்து உங்களுக்குள்ளே போகிறதாம், கெடுதல் இல்லை என்று இவள் சொல்கிறாள், எனக்கு நம்பத் தெரியவில்லை. "உங்களுக்கு வேணாம்னா இப்பவே எடுத்துடலாங்க," என்று முடித்தாள். எழுத்து அட்டையை அவர் விரலுக்கு அடியில் பிடித்தாள்.

விரல் நகர வெகுநேரம் ஆனது. முதலில் ப. பிறகு ச. பிறகு மேல் வரிசைக்கு ஏறி இ.

அக்கா அட்டையைக் கீழே வைத்தாள். பீச்சாங்குழல் போன்ற அந்தப் பெரிய சிரிஞ்சைக் குழாயின் முனையில் பொருத்தி உயரத் தூக்கிப் பிடித்தாள். நான் பாலை ஊற்றினேன். அது தன் எடையிலேயே மெல்ல இறங்கியது. இறங்கி முடிக்கும்வரை அக்காவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் துடைத்துவிட்டேன். அவள் விட்டாள்.

அதற்கடுத்த வாரம் நான் அலைந்து திரிந்து எண்ணெயே தேவைப்படாத சிலிக்கோன் குழாய் ஒன்று வாங்கி வந்தேன். அது அளவுக்கு மீறி மென்மையாக இருந்தது. இறக்கும்போது தொண்டையிலேயே சுருண்டுகொண்டது. இரண்டாம் முறை முயன்றபோது அத்தானுக்கு ஓங்கரித்து மூச்சு முட்டியது. அக்காவே கையைக் காட்டிப் போதும் என்றாள். பழைய வகையையே வைத்தார்கள். பிறகு வாரா வாரம் மாற்றினார்கள். கழற்றிய குழாயை அக்கா அதற்குமேல் தொட்டுப் பார்க்கவில்லை.

அவர் அப்படி ஐந்து மாதம் இருந்தார். கடைசியில் சளி நெஞ்சில் கட்டி, ஒரு பிற்பகல், அக்கா அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. ஒரு பக்கக் கன்னத்தில் நுரை இருந்தது. அக்கா மறு பக்கத்தையும் மழித்து முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

நான் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறேன். அதே எண்ணெய்தான் வருகிறது. வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கையும் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிறேன்; சரியாகவும் இருக்கிறது. கலவைக் கூடத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒற்றைக் காலில் நிற்கும் சோதனை தொடர்கிறது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என்ன மேடம், இன்னுமா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள்.

அத்தான் போய் ஒரு வருடம் கழித்து மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கு ஒரு தபால் வந்தது. அந்த நோய் வந்தவர்களைப் பற்றி ஒரு பதிவேடு தயாரிக்கிறார்களாம். விருப்பமிருந்தால் குடும்பத்தார் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அக்கா எனக்குத் தொலைபேசி செய்து வரச் சொன்னாள். அவளாக என்னைக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. போனேன். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

வயது, உயரம், புகைப் பழக்கம், அடிபட்ட விவரம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். நான்காம் பக்கத்தில் வேலையில் கையாண்ட பொருள்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் எழுது," என்றாள். "பழசு, புதுசு, தூள், எல்லாம்."

எழுதினேன். எதிலெதில் எத்தனை வருடம் என்பதையும் எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னாள். அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட் என்று படித்தபோது நிறுத்தி, மறுபடி சொல் என்றாள். மறுபடி சொன்னேன். அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், பாதியில் நாக்கு சிக்கியது.

"இவ்வளவு நீளமாவா அதோட பேரு?"

"ஆமாக்கா."

கடைசிப் பக்கத்தில், நோய்க்குக் காரணம் என்று குடும்பத்தார் கருதுவது ஏதேனும் உண்டா என்று கேட்டு ஐந்து கோடுகள் விட்டிருந்தார்கள். அக்கா படிவத்தை என் கையிலிருந்து வாங்கினாள். பேனாவை வாங்கினாள், முதல் கோட்டில் முனையை வைத்தாள், ஒரு புள்ளி விழுந்தது. பிறகு பேனாவை மூடிவிட்டாள். அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.

இருவரும் சேர்ந்து தெருமுனைவரை நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். எட்டு மாதம் ஆகிறது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. அக்கா அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.